போட்டிச் சட்டத்தின் அமலாக்கம்: கடந்த பாதையும் வரும் பாதையும்

சந்தைப் பொருளாதாரத்தில் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பு போட்டியிடம் விடப்பட்டுள்ளது. பல விற்பனையாளர்கள் ஒருவரையொருவர் அறியாமல் தத்தம் விலையைக் கூறும்போதுதான் வாங்குவோருக்கு நியாயமான விலை கிடைக்கிறது. விற்பனையாளர்கள் கூடிப் பேசி விலையை உயர்த்தினாலோ, ஒரு பெரிய நிறுவனம் தன் வலிமையால் பிறரைச் சந்தைக்கு வெளியே தள்ளினாலோ இந்த ஏற்பாடு சீர்குலைகிறது. அதைத் தடுப்பதற்காக அரசு இயற்றுவதே போட்டிச் சட்டம். அமெரிக்காவில் 1890இல் ஷெர்மன் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் 1911இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் இத்துறையில் இதுவரை இரண்டு பெரும் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன.

சட்டத்தில் உள்ள சொற்களைக் கற்பது எளிது. அச்சொற்கள் சந்தையில் எவ்வளவு காலத்தில் பயன் தருகின்றன என்பதே அமலாக்கத்தைப் பற்றிய முக்கியமான வினா. பெங்களூரு நகரின் அண்மைக்கால வழக்குகள் சில இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றன. அவற்றை ஆராயுமுன் சட்டம் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது அவசியம்.

முதற்கட்டம்: அளவைக் கட்டுப்படுத்திய சட்டம்

செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொது நலனுக்குக் கேடாக ஒரு சிலரிடம் குவிதல் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் விதி கூறும் நெறியாகும். திட்டக் காலத்தில் இந்நெறி எந்த அளவு பின்பற்றப்பட்டது என்பதைப் பல குழுக்கள் ஆராய்ந்தன. 1964இல் மகாலனோபிஸ் குழு தன் அறிக்கையை அளித்தது. நீதிபதி கே. சி. தாஸ் குப்தா தலைமையிலான முற்றுரிமை விசாரணை ஆணையம் 1965இல் அறிக்கை அளித்தது. தொழில் உரிமம் வழங்கும் முறையே பெரிய தொழிற்குழுமங்களுக்குச் சாதகமாக அமைந்துவிட்டது என்பதை ஆர். கே. ஹசாரியின் ஆய்வும், 1969இல் வெளியான சுபிமல் தத் குழுவின் அறிக்கையும் எடுத்துக்காட்டின.

இவற்றின் விளைவாக 1969இல் முற்றுரிமை மற்றும் கட்டுப்பாட்டு வாணிப நடைமுறைகள் சட்டம் இயற்றப்பட்டது. அது 1970 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ரூ.20 கோடிக்கு மேல் சொத்து உடைய குழுமங்கள் புதிய ஆலை தொடங்கவும், உள்ள ஆலையை விரிவாக்கவும், பிற நிறுவனங்களோடு இணையவும் மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டியிருந்தது. அச்சட்டம் நிறுவனத்தின் அளவையே முதலில் நோக்கியது. பெரிய நிறுவனம் தவறு செய்ததா என்ற கேள்வி அதற்குப் பின்னரே எழுந்தது.

பின்னர் இச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. சச்சார் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1984இல் நியாயமற்ற வாணிப நடைமுறைகள் சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டன. 1985இல் சொத்து வரம்பு ரூ.100 கோடியாக உயர்த்தப்பட்டது. 1991இல் புதிய தொழிற்கொள்கையுடன் முன் அனுமதி முறை கைவிடப்பட்டது. எஞ்சி நின்றது வாணிப நடைமுறைகளை ஆராயும் பகுதி. அதில் வலிமை குறைவாகவே இருந்தது. தவறான நடைமுறையைக் கைவிடுமாறு ஆணையிட ஆணையத்திற்கு அதிகாரம் இருந்ததேயன்றி, தவறு செய்தவருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. விலைக் கூட்டு என்பதற்குத் தெளிவான விளக்கமும் சட்டத்தில் இல்லை. அமெரிக்க சோடா உப்பு ஏற்றுமதியாளர்களின் கூட்டமைப்பிற்கு எதிராக ஆணையம் பிறப்பித்த தடையை உச்ச நீதிமன்றம் 2002இல் நீக்கியபோது, எல்லை கடந்த வாணிபத்தில் பழைய சட்டம் எவ்வளவு குறுகியது என்பது வெளிப்பட்டது.

இரண்டாம் கட்டம்: நடத்தையை ஆராயும் சட்டம்

1999இல் அமைக்கப்பட்ட எஸ். வி. எஸ். ராகவன் குழு, பழைய சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் தேவை என 2000ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 2002 டிசம்பரில் நாடாளுமன்றம் போட்டிச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்துகள் மூன்று.

முதலாவது, போட்டியைக் குலைக்கும் உடன்பாடுகள் செல்லா. போட்டியாளர்கள் விலையைக் கூடி நிர்ணயித்தல், உற்பத்தியையோ வழங்கலையோ குறைத்தல், சந்தையைப் பங்கிட்டுக் கொள்ளுதல், ஒப்பந்தப்புள்ளியில் கூடி ஏமாற்றுதல் ஆகியவை போட்டிக்குக் கேடு விளைவிப்பவை என்றே அனுமானிக்கப்படும்.

இரண்டாவது, மேலாதிக்க நிலை குற்றமன்று. அந்நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். தன் திறமையால் வளர்ந்த நிறுவனத்தைச் சட்டம் தண்டிப்பதில்லை.

மூன்றாவது, குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட இணைப்புகளும் கையகப்படுத்தல்களும் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும்.

சட்டம் நிறைவேறியும் அது உடனே செயற்படவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2003 அக்டோபரில் அமைக்கப்பட்டது. நீதி வழங்கும் பணியை உடைய ஓர் அமைப்பின் தலைமை நீதித்துறையைச் சேர்ந்தவரிடம் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. சட்டத்தைத் திருத்துவதாக அரசு உறுதியளித்ததை ஏற்று 2005 ஜனவரியில் அவ்வழக்கு முடிக்கப்பட்டது. 2007இல் சட்டம் திருத்தப்பட்டு, மேல்முறையீட்டிற்கெனத் தனித் தீர்ப்பாயம் ஏற்படுத்தப்பட்டது. உடன்பாடுகள், மேலாதிக்கம் பற்றிய பிரிவுகள் 2009 மே 20ஆம் நாளும், இணைப்புகள் பற்றிய பிரிவுகள் 2011 ஜூன் 1ஆம் நாளும் நடைமுறைக்கு வந்தன. ஆக, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் முதன்மைப் பகுதி குடிமக்களுக்குப் பயன்படுவதற்கே ஆறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மேல்முறையீட்டுப் பணி 2017 மே மாதம் முதல் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம் உள்ளது.

பெங்களூரு தரும் பாடங்கள்

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் இணைய வணிக நிறுவனங்களும் நிறைந்த பெங்களூருவில் பழைய வாணிபச் சங்கங்களும் வலிமையுடன் விளங்குகின்றன. போட்டிச் சட்டம் எதிர்கொள்ளும் பழைய சிக்கலையும் புதிய சிக்கலையும் இந்நகரில் ஒருங்கே காணலாம்.

(1) மொழிமாற்றப் படங்கள்: பிற மொழிப் படங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் கன்னடத்தில் மொழிமாற்றி வெளியிடுவதைக் கன்னடத் திரைத்துறைச் சங்கங்கள் நெடுங்காலமாக எதிர்த்து வந்தன. உள்ளூர்க் கலைஞர்களின் வாழ்வாதாரமும் மொழியின் நலமும் அதற்குரிய காரணங்களாகக் கூறப்பட்டன. கன்னட நுகர்வோர் அமைப்பொன்று இதனைப் போட்டி ஆணையத்தின் முன் கொண்டுசென்றது. தன் மொழியில் ஒரு நிகழ்ச்சியைக் காணும் வாய்ப்பு நுகர்வோருக்கு மறுக்கப்படுகிறது என்பதே அதன் முறையீடு. சங்கங்களின் செயல் வழங்கலைக் கட்டுப்படுத்துவதாகும் என 2015 ஜூலையில் ஆணையம் முடிவு செய்து அபராதமும் விதித்தது. மேற்கு வங்கத்தில் எழுந்த இதேபோன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் ஆணையத்தின் கருத்தை ஏற்றுக்கொண்டது. ‘என்னை அறிந்தால்’ என்னும் தமிழ்ப் படம் ‘சத்யதேவ் ஐபிஎஸ்’ என்ற பெயரில் கன்னடத்தில் வெளிவந்ததும் 2017ஆம் ஆண்டிலேயே ஆகும். பழைய வகைக் கூட்டுத் தடைகளைச் சட்டத்தால் அகற்ற முடியும் என்பதற்கு இது சான்று. இங்குச் சந்தை மெதுவாக மாறியது. ஆகவே தீர்வு வந்து சேர்ந்தபோதும் அதற்குப் பயன் இருந்தது.

(2) வாடகைக் கார்கள்: பெங்களூருவில் தலைமையகம் கொண்ட ஓலா நிறுவனம் பயணிகளுக்குத் தள்ளுபடியும் ஓட்டுநர்களுக்கு ஊக்கத்தொகையும் அளித்து, அடக்க விலைக்கும் குறைவாகச் சேவை வழங்குகிறது என ஃபாஸ்ட் டிராக் கால் கேப், மேரு ஆகிய நிறுவனங்கள் முறையிட்டன. பெங்களூரு நகரின் ரேடியோ டாக்ஸி சேவையையே தனிச் சந்தையாகக் கொண்டு 2015 ஏப்ரலில் ஆணையம் புலனாய்வுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அந்நகரின் மற்றொரு நிறுவனமான டாக்ஸிஃபார்ஷ்யூரை ஓலா வாங்குவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2017 ஜூலையில் ஆணையம் தன் முடிவை அளித்தது. உபர் நிறுவனம் வலுவாகப் போட்டியிடுவதால் ஓலாவுக்கு மேலாதிக்க நிலை இல்லை என்றும், ஆகவே அந்நிலையைத் தவறாகப் பயன்படுத்தினார் எனல் பொருந்தாது என்றும் கூறி வழக்கை முடித்தது.

மாணவர்கள் இம்முடிவில் இரண்டு கருத்துகளைக் கவனிக்க வேண்டும். சட்டம் காப்பது போட்டியை. குறிப்பிட்ட போட்டியாளரை அன்று. இது சரியான கொள்கை. ஆயினும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒரே வகையான தள்ளுபடியை வழங்கும்போது, மூன்றாமவருக்கு நேர்வதை இச்சட்டத்தின் மேலாதிக்கப் பிரிவு அளப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் அல்லது ஒரு குழுமத்தின் மேலாதிக்கத்தை மட்டுமே அது அறியும்; பலர் சேர்ந்து பெறும் மேலாதிக்கத்தை அறியாது.

(3) தங்கும் விடுதிகள்: பெங்களூருவைச் சேர்ந்த ட்ரீபோ நிறுவனத்தின் விடுதிகள் மேக்மைட்ரிப் தளத்திலிருந்து 2018இல் நீக்கப்பட்டன. போட்டியாளரான ஓயோவுடன் அத்தளம் செய்துகொண்ட ஏற்பாடே இதற்குக் காரணம் எனக் குற்றம் சாட்டப்பட்டது. விடுதிகளை மீண்டும் பட்டியலில் சேர்க்குமாறு 2021 மார்ச்சில் ஆணையம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆயின் தன்னைக் கேளாமல் ஆணை பிறப்பிக்கப்பட்டது என ஓயோ குஜராத் உயர் நீதிமன்றத்தை நாடியது. இடைக்கால ஆணை நிலைக்கவில்லை. 2022 அக்டோபரில் வெளியான இறுதி ஆணையில் மேக்மைட்ரிப் மீது ரூ.223.48 கோடியும் ஓயோ மீது ரூ.168.88 கோடியும் அபராதம் விதிக்கப்பட்டன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இழந்த வாடிக்கையாளர்களை எந்த அபராதமும் மீட்டுத் தருவதில்லை.

(4) இணைய வணிகம்: இவற்றுள் மிகப் பெரியது பெங்களூருவில் தலைமையகம் கொண்ட ஃபிளிப்கார்ட் மீதும் அமேசான் மீதும் எழுந்த முறையீடாகும். குறிப்பிட்ட விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டுதல், கைபேசிகளைத் தம் தளத்தில் மட்டுமே அறிமுகம் செய்தல், பெருந்தள்ளுபடி அளித்தல் ஆகியவற்றால் சிறு வணிகர்கள் பாதிக்கப்படுகின்றனர் என டெல்லி வியாபாரிகளின் அமைப்பொன்று முறையிட்டது. 2020 ஜனவரி 13ஆம் நாள் ஆணையம் புலனாய்வுக்கு ஆணையிட்டு, 60 நாட்களில் அறிக்கை அளிக்குமாறு தன் தலைமை இயக்குநரைப் பணித்தது.

பின்னர் நடந்தவற்றை ஆண்டு வரிசையில் காண்பது பயனுள்ளது. 2020 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் புலனாய்வுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2021 ஜூன் 11ஆம் நாள் தனி நீதிபதி நிறுவனங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தார். ஜூலை 23ஆம் நாள் இரு நீதிபதிகள் அமர்வும் அம்முடிவை உறுதி செய்தது. ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. புலனாய்வு அறிக்கை 2024இல் நிறைவுற்றது. அதன் பின் தளங்களில் விற்பனை செய்யும் நிறுவனங்கள் பல உயர் நீதிமன்றங்களை நாடின. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அம்மனுக்களைக் கர்நாடக உயர் நீதிமன்றத்திடம் ஒருங்கே ஒப்படைத்தது. 60 நாட்களில் முடிய வேண்டிய புலனாய்வு நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. புலனாய்வு அறிக்கை ஒரு தீர்ப்பன்று. நிறுவனங்கள் தவறு செய்தனவா என்பதை இரு தரப்பையும் கேட்டபின் ஆணையமே முடிவு செய்ய வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட நிறுவனம் தூயதாயின் அதற்கும் இத்தாமதம் அநீதியே.

தாமதம் ஏன்?

அதிகாரிகளின் சோம்பலோ வழக்கறிஞர்களின் உத்தியோ மட்டுமே தாமதத்திற்குக் காரணம் எனக் கருதுதல் தவறு. சிமென்ட் வழக்கு இதை விளக்கும். கட்டுநர் சங்கத்தின் முறையீட்டின் பேரில் பெரிய சிமென்ட் நிறுவனங்கள் கூடி விலையை உயர்த்தின என 2012 ஜூனில் ஆணையம் முடிவு செய்து, சுமார் ரூ.6,300 கோடி அபராதம் விதித்தது. 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் அவ்வாணையை நீக்கியது. வாதங்களைக் கேட்காத தலைவர் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார் என்பதே முக்கியக் காரணம். ஆணையம் மீண்டும் விசாரித்து 2016 ஆகஸ்டில் புதிய ஆணை பிறப்பித்தது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதனை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளை விசாரணைக்கு ஏற்று, அபராதத்தில் 10 விழுக்காட்டைச் செலுத்துமாறு கூறியது.

சிமென்ட் வழக்கிலும் விடுதி வழக்கின் இடைக்கால ஆணையிலும் ஆணையம் தடுக்கி விழுந்த இடம் ஒன்றே. கேட்க வேண்டியவரைக் கேட்காமலோ, கேட்காதவர் முடிவெடுத்தோ ஆணை பிறந்தது. இயற்கை நீதியைச் சுருக்கி விரைவு தேடினால், அவ்விரைவே பின்னர் நீண்ட தாமதமாகத் திரும்பி வருகிறது. விரைவும் நியாயமான விசாரணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னதைப் பெற வேண்டுமாயின் பின்னதை முதலிலேயே செம்மையாகச் செய்ய வேண்டும்.

மற்றொரு காரணம் சட்டக் கேள்விகள் தெளிவுபெற எடுத்துக்கொண்ட காலம். புலனாய்வுக்கான தொடக்க ஆணையின் மேல் முறையீடு செய்ய இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் தெளிவாக்கியது. ஆயினும் அரசமைப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றங்களை நாடும் வழி திறந்தே உள்ளது. அபராதத்தை எந்த விற்பனையின் மேல் கணக்கிடுவது என்ற கேள்விக்கு 2017 மே மாதத்தில்தான் விடை கிடைத்தது. குற்றத்தோடு தொடர்புடைய பொருளின் விற்பனையை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என நீதிமன்றம் கூறியது.

இக்குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கூகுளின் பொருள் ஒப்பீட்டுச் சேவை பற்றி ஐரோப்பிய ஆணையம் 2010இல் தொடங்கிய வழக்கில் 2017இல் அபராதம் விதிக்கப்பட்டது. அதை ஐரோப்பிய நீதிமன்றம் இறுதியாக உறுதி செய்தது 2024 செப்டம்பரில்தான்.

2023ஆம் ஆண்டின் திருத்தம்

இவ்வனுபவங்களின் பின்னணியில் போட்டிச் சட்டம் 2023 ஏப்ரலில் திருத்தப்பட்டது. அதன் முக்கிய மாற்றங்கள் கீழ்வருமாறு:

(அ) மேலாதிக்க வழக்குகளிலும், உற்பத்தியாளர்–விற்பனையாளர் போன்ற நிலைகளுக்கு இடையிலான உடன்பாட்டு வழக்குகளிலும் சமரசத் தீர்வும் உறுதிமொழியும் அனுமதிக்கப்படுகின்றன. விலைக் கூட்டு வழக்குகளுக்கு இச்சலுகை இல்லை.

(ஆ) அபராதத்தின் உச்ச வரம்பைக் கணக்கிட நிறுவனத்தின் உலகளாவிய மொத்த விற்பனை எடுத்துக்கொள்ளப்படும்.

(இ) மேல்முறையீடு செய்வோர் அபராதத்தில் 25 விழுக்காட்டைச் செலுத்த வேண்டும்.

(ஈ) இந்தியாவில் கணிசமான செயல்பாடு உள்ள நிறுவனத்தை ரூ.2,000 கோடிக்கு மேற்பட்ட விலையில் கையகப்படுத்தினால், சொத்தும் விற்பனையும் குறைவாக இருப்பினும், ஆணையத்தின் ஒப்புதல் தேவை. இணைப்புகளின் மீது முடிவெடுக்க உரிய கால வரம்பு 210 நாட்களிலிருந்து 150 நாட்களாகக் குறைக்கப்பட்டது. இவ்விரு மாற்றங்களும் 2024 செப்டம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன.

சமரச முறை முதன்முதலாகப் பயன்பட்டது 2025 ஏப்ரலில் ஆகும். ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி தொடர்பான வழக்கில் கூகுள் தன் ஒப்பந்த முறைகளை மாற்ற முன்வந்து ரூ.20.24 கோடி செலுத்தியது. கைபேசி ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபரில் விதிக்கப்பட்ட ரூ.1,337.76 கோடியோடு ஒப்பிட்டால் இத்தொகை சிறியது. ஆனால் தொகையை மட்டும் கொண்டு பயனை அளத்தல் கூடாது. சந்தையின் விதி மாறுகிறதா, எப்போது மாறுகிறது என்பதே உரிய அளவுகோல். அதே சமயம், பணம் செலுத்தி வழக்கைக் கடந்துவிடும் எளிய வழியாகச் சமரசம் ஆகிவிடாதிருக்க, ஏற்ற நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா எனத் தொடர்ந்து கண்காணித்தல் இன்றியமையாதது.

முன்கூட்டிய விதிகள்

எண்ணியல் சந்தைகளில் வாங்குவோர் மிகுந்தால் விற்போர் மிகுவர். விற்போர் மிகுந்தால் வாங்குவோர் மேலும் மிகுவர். இச்சுழற்சியில் ஒரு நிறுவனம் முந்திவிட்டால் சில ஆண்டுகளில் சந்தை அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. தவறு நேர்ந்தபின் ஆராயும் முறை இவ்வேகத்திற்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணியல் சந்தைகள் சட்டம், பெருந்தளங்கள் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் முன்கூட்டியே வரையறுத்தது. அவை 2024 மார்ச் முதல் முழுமையாகப் பொருந்துகின்றன.

இந்தியாவில் இதற்கான குழு 2024 மார்ச்சில் எண்ணியல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. ரூ.4,000 கோடி உள்நாட்டு விற்பனை போன்ற நிதி அளவுகளையும், ஒரு கோடி பயனர்கள் அல்லது 10,000 வணிகப் பயனர்கள் என்னும் அளவையும் கொண்டு பெருந்தளங்களை அடையாளம் காண அது முன்மொழிந்தது. 2025 வரை அது சட்டமாகவில்லை. வளர்ந்து வரும் உள்நாட்டு நிறுவனங்களையும் இவ்வரம்புகள் கட்டுப்படுத்திவிடும் என்னும் அச்சம் கருதத்தக்கது. அளவையே குற்றமாகக் கருதிய 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுபவம் மறக்கற்பாலதன்று. ஆயின் அன்று விரிவாக்கத்திற்கே அனுமதி தேவைப்பட்டது. இன்று முன்மொழியப்படுவது வளர்ச்சிக்குத் தடையன்று, வளர்ந்தபின் நடந்துகொள்ள வேண்டிய முறை. இவ்வேறுபாட்டை விவாதத்தில் தெளிவாகக் காண வேண்டும்.

சட்டத்திற்கு வெளியிலும் போட்டி பிறக்கக்கூடும். எண்ணியல் வணிகத்திற்கான திறந்த வலையமைப்பு பொதுமக்களுக்கான தன் முன்னோட்டத்தை 2022 செப்டம்பரில் பெங்களூருவில்தான் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஒத்துழைப்புடன் ‘நம்ம யாத்ரி’ என்னும் செயலி அங்கு அறிமுகமாயிற்று. ஒவ்வொரு பயணத்திலும் தரகு எடுக்காமல் ஓட்டுநரிடம் சந்தா பெறும் முறையை அது கையாண்டது. 2017இல் முடிந்த வழக்கு கொண்டுவராத மாற்றுவழி ஒன்று புதிய நுழைவால் வந்தது. நுழைவிற்கான தடைகளை நீக்கும் அரசின் ஒவ்வொரு முடிவும் போட்டிக் கொள்கையின் ஒரு பகுதியே.

முடிவுரை

ஐம்பத்தைந்து ஆண்டு அனுபவத்தில் இந்தியா அளவைக் கட்டுப்படுத்தும் முறையிலிருந்து நடத்தையை ஆராயும் முறைக்கு வந்துள்ளது. வருங்காலத்தில் தேவைப்படுவது காலத்தோடு வரும் தீர்வு. இதற்குச் சில ஏற்பாடுகள் உதவும். தலைமை இயக்குநர் அலுவலகத்தில் பொருளாதாரம், தரவு அறிவியல் பயின்றவர்கள் போதிய அளவில் இருத்தல் வேண்டும். சென்னையில் 2021இல் திறக்கப்பட்ட தென் மண்டல அலுவலகம் கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்களின் சிறு வணிகர்களுக்கு எளிதில் எட்டும் இடமாக வளர வேண்டும். இடைக்கால ஆணை பிறப்பிக்குமுன் பாதிக்கப்படக்கூடிய எல்லாரையும் குறுகிய கால அளவில் கேட்கும் முறை உறுதிபெற வேண்டும். போட்டி வழக்குகளின் மேல்முறையீடுகளுக்கெனத் தனி அமர்வு அமைதல் நன்று.

முறையிட்ட வணிகர் கடையை மூடியபின் வரும் ஆணை சட்டநூலில் இடம்பெறும், சந்தையில் இடம்பெறாது. அவர் கடை திறந்திருக்கும்போதே இரு தரப்பையும் கேட்டு ஒரு முடிவை அளிப்பதில்தான் போட்டிச் சட்டத்தின் வெற்றி அடங்கியுள்ளது.